கரைச்சீட்டு

கிரேக்கக் கப்பலின் மூன்றாம் எஞ்சினியருக்குக்
கடைவாய்ப் பல்லில் வலி.
ஏஜென்சியில் என்னை அனுப்பினார்கள்.
கரைச்சீட்டில் எழுதியிருந்தது:
ஆள் ஒருவர். மாலை ஆறு மணி வரை.

ஜீரோ கேட்டில் டிரெய்லர்கள்
ஒன்றன் முதுகை ஒன்று முகர்ந்துகொண்டு நின்றன.
இடுக்கில் நுழைந்து வந்தார் ஸ்டமாட்டிஸ்,
கன்னத்தில் கை வைத்தபடி.
எங்கள் ஊரில் அப்படி யாராவது இருந்தால்
கப்பலா கவிழ்ந்துவிட்டது என்று கேட்போம்.
வாய்வரை வந்தது.
கப்பல்காரரிடம் கேட்கிற கேள்வியா அது.

மண்ணடி, டாக்டர் மெஹர்பானு, மாடியில்.
டோக்கன் நாற்பத்தொன்று.
திருப்பித் திருப்பிப் பார்த்தார் அந்தத் தகட்டை.
அவர் தீவில் குளிர்காலத்தில்
மொத்தமே நூற்றிருபது பேராம்.
'மூன்றில் ஒரு பங்கு ஊர்
எனக்கு முன்னால் வாயைத் திறக்கப் போகிறது.'
அங்கே பல் டாக்டர் மாதம் ஒருமுறை
படகில் வருவார்.
காற்றடித்தால் வரமாட்டார்.
அடுத்த மாதமும் அடித்தால்
வலியே சலித்துப்போய் இறங்கிவிடும்.

எனக்குப் பாதி ஆங்கிலம், அவருக்குப் பாதி.
கூட்டினால் முக்கால்தான் வந்தது.
அதை வைத்துக்கொண்டு
மூன்று மணி நேரம் ஓட்டினோம்.

'கோடையில் பெரிய கப்பல்கள் வரும்.
காலையில் இறங்குவார்கள்,
மாலையில் ஏறிவிடுவார்கள்.
கதவுகளைப் படமெடுப்பார்கள்.
எங்கள் வீட்டுக் கதவு
எத்தனை நாடுகளில் இருக்கிறதோ.
அதற்காகவே அம்மா வருஷாவருஷம்
நீலம் அடிக்கிறாள்.
அவளுக்குப் பிடித்தது பழுப்பு.'

சொல்லிவிட்டு எழுந்துபோய்
ஜன்னல் வழியே
எதிர்க்கடை ஷட்டரைப் படமெடுத்தார்.
ஆணி, போல்ட், நட்டு மொத்த வியாபாரம்.
கீழே நின்றிருந்த கடைக்காரர்
சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டார்.

தீவின் குறுக்கே நடக்க ஐம்பது நிமிஷமாம்.
'இந்த ஊரின் குறுக்கே?'
தெரியாது என்றேன்.
நான் திருநின்றவூரிலிருந்து வருகிறவன்.
நடந்து பார்த்ததில்லை.

பல் வந்தது ஒன்றரை மணிக்கு.
மூன்று வேர், ஒன்று கொக்கிபோல வளைந்து.
பஞ்சில் சுற்றிக் கையில் கொடுத்தார் டாக்டர்:
துப்பக் கூடாது, சூடு கூடாது,
ஐஸ்கிரீம் சாப்பிடலாம்.
தெருவெல்லாம் பிரியாணி வாசனை.
அவர் மூக்கால் சாப்பிட்டார்.
வவுச்சரில் நான் எழுதினேன்,
மருத்துவச் செலவு: குல்ஃபி, இரண்டு.

அப்புறம் தெருவில் நின்று
மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.
வாயில் பஞ்சு, பேச முடியாது.
பல்லைக் காட்டினார்.
கூரையைக் காட்டினார்.
வீசுவதுபோல் கையை ஓங்கினார்.
இடுப்பளவில் கை வைத்து, சின்னப் பையன் என்றார்.

அட.
நாங்கள் சாணியில் பொதிந்து வீசுவோம்
என்று சொல்லச்
சாணிக்கு ஆங்கிலம் தேடினேன்.
மாடு என்றேன், பின்பக்கம் என்றேன்.
பஞ்சோடு சிரித்தார், ரத்தம் எட்டிப் பார்த்தது.

ஓட்டுக்கூரைக்கு எங்கே போவது.
முக்கு டீக்கடைக்குத் தகரம் இருந்தது.
ஐம்பத்திரண்டு வயது மனிதர்
இரண்டடி பின்னால் போய்,
ஒரு மீன்பாடி வண்டிக்கு வழிவிட்டு,
வீசினார்.
டங் என்றது.
உருண்டது.
உருண்டுகொண்டே இருந்தது.
நின்றது.
டீ மாஸ்டர் வெளியே வந்து
'எவன்டா அது' என்று அண்ணாந்தார்.
நாங்களும் அவரோடு சேர்ந்து
அண்ணாந்து பார்த்தோம்.
ஒரு காக்கை வசமாக மாட்டிக்கொண்டது.

ஐந்து நாற்பதுக்குக் கேட்.
காவலர் சீட்டைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார்.
ஒருவர் போனார், ஒருவர் வந்தார்.
கணக்கு சரி. சீல் விழுந்தது.
ஸ்டமாட்டிஸ் என்னைப் பார்த்து
வீங்கிய பக்கமாகச் சிரித்தார்.

பீச் ஸ்டேஷனுக்கு ஓடி ரயிலைப் பிடித்தேன்.
திருநின்றவூர் வரை நின்றுகொண்டே வந்தேன்.
நாக்கு தன் பாட்டுக்கு
என் கடைவாய்ப் பற்களை
ஒவ்வொன்றாகத் தொட்டு
எண்ணிக்கொண்டு வந்தது.